துணி டிசைன் நிறுவனங்களின் பழைய போஸ்டர்கள்: கேள்வி பதில்

கேள்வி: புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு நிறுவனம் அல்லது ஒரு காலகட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது 1950-களும் 60-களும். அமெரிக்க மரச்சாமான் நிறுவனமான நோல் துணிப் பிரிவைத் தொடங்கியது 1947-ல், ஃபின்லாந்தின் துணி நிறுவனமான மாரிமெக்கோ ஹெல்சிங்கியில் பிறந்தது 1951-ல். இன்னொரு அமெரிக்க மரச்சாமான் நிறுவனமான ஹெர்மன் மில்லரின் துணிப் பிரிவுக்கு 1952-ல் டிசைனர் அலெக்சாண்டர் ஜிரார்டு தலைமையேற்றார். விளம்பரப் போஸ்டரை யாரும் பாதுகாக்க நினைத்து அச்சிடவில்லை. புது டிசைன் வந்ததும் பழையது குப்பைக்குப் போனது. தப்பிப் பிழைத்தவைதான் இன்று நம் கைக்கு வருகின்றன.

கேள்வி: மாரிமெக்கோவின் ‘உனிக்கோ’ பூப் போட்ட போஸ்டர் ஒன்றை 1964 அசல் என்று விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: 1964 என்பது டிசைனர் மைய்யா இசோலா அந்த டிசைனை உருவாக்கிய ஆண்டு. அந்தப் பூ இன்றைக்கும் அச்சாகிறது, அதனால் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, போஸ்டரின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து புள்ளி இல்லாமல் ஒரே திட்டாக மை நிரம்பி, ஓரம் கூர்மையாக இருக்கும். வேறொரு போஸ்டரைப் படமெடுத்து அச்சடித்திருந்தால் எழுத்தே வண்ணப் புள்ளிகளாக உடைந்து தெரியும். படத்தில் மட்டும் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்திலும் படத்தைப் புள்ளிகளாக அச்சடிக்கும் ஆஃப்செட் முறை உண்டு.

கேள்வி: புற ஊதா டார்ச் உதவுமா?

பதில்: 1930-களின் போஸ்டர் என்று சொல்லப்படுவதற்கு நன்றாகவே உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும், அது பரவியது 1950 வாக்கில்தான். காகிதம் நீலமாகப் பளிச்சிட்டால் வாங்காதீர்கள். பளிச்சிடாததை மட்டும் வைத்து அசல் என்று சொல்லிவிடவும் முடியாது.

கேள்வி: பழைய துணித் துண்டை ஃபிரேம் போட்டு ‘போஸ்டர்’ என்கிறார்களே?

பதில்: அழகாக இருக்கலாம், ஆனால் அது துணிதான். போஸ்டர் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கை வைக்காதீர்கள். டேப்போடு காகிதத்தின் மேல்தோலும் வந்துவிடும். பழைய காகிதங்களைச் செப்பனிடும் நிபுணரிடம் கொடுங்கள். மடிப்புத் தடம் இருந்தால் அப்படியே விடலாம், பல போஸ்டர்கள் மடித்தே அனுப்பப்பட்டவை. ஓரத்தை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அது போனால் அடையாளமே போயிற்று.

கேள்வி: சுவரில் மாட்டலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வெயில் படக் கூடாது, வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியின் அளவு, மங்கலான வெளிச்சம்) அளவில் இருக்கட்டும். கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி அமிலமில்லாத அட்டை வையுங்கள். சில மாதம் மாட்டிவிட்டு, அப்புறம் கழற்றித் தட்டையாக இருட்டில் வையுங்கள்.