தாகத்துக்குத் தா

அன்புள்ள ஐயா,

விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள் நான். பதினோரு ஆண்டுகளாக என் நெருங்கிய தோழி ஓர் இஸ்லாமியப் பெண். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று இரவுகள் ஆஸ்பத்திரியில் கண்விழித்துக் கிடந்தவள் அவள்தான். சென்ற மாதம் எங்கள் சபை மூப்பர் ஒருவர், "இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது அவளுக்குச் சுவிசேஷம் சொன்னாயா? அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று வேதம் சொல்கிறதே" என்று கேட்டார். அன்றிலிருந்து அவளோடு இயல்பாகப் பேச முடியவில்லை. ஆத்தும ஆதாயத்துக்காகத்தான் பழக வேண்டுமா? இல்லையென்றால் விலகிவிட வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். நுகம் என்பது இரண்டு மாடுகளை ஒன்றாகப் பூட்டும் கட்டை. ஒன்று திரும்பும் பக்கமே மற்றதும் திரும்பியாக வேண்டும். 2 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் எச்சரிப்பது அப்படிப்பட்ட பிணைப்பைத்தான். அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், உலகத்தாரோடு கலக்கவே கூடாதென்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்கிறார். 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனமிருந்தால், அங்கே வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். உங்கள் தோழி உங்கள் கழுத்தில் எந்த நுகத்தையும் வைக்கவில்லை. மூன்று இரவுகள் தன் தூக்கத்தைத்தான் கொடுத்தாள்.

மூப்பரின் முதல் கேள்விதான் கனமானது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரி நண்பன் ஒருவனின் தந்தை இறந்த வாரத்தில், நித்திய ஜீவனைப் பற்றிய கைப்பிரதி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தன் தந்தையைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவன் அழுவதற்கு ஒரு தோள் தேடிய நேரத்தில் நான் அறுவடை தேடிப் போயிருந்தேன். முப்பது வருஷம் கழித்தும் அந்தச் சட்டைப் பை என் கண்ணில் நிற்கிறது.

யோவான் 4ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். நடந்து களைத்த இயேசு கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். யூதர் சம்பந்தம் கலவாத சமாரியப் பெண் ஒருத்தி வருகிறாள். அவரது முதல் வார்த்தை "தாகத்துக்குத் தா". உபதேசம் பின்னால் வருகிறது. தேவகுமாரன் ஒரு வேற்று இனத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டுத் தொடங்குகிறார். நாமோ கொடுக்கிற இடத்தில் மட்டுமே நிற்கப் பழகிவிட்டோம். ஜெபமும் உதவியும் சத்தியமும் எல்லாம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் நீங்கள் வாங்குகிற இடத்தில் இருந்தீர்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

அதற்காக விசுவாசத்தை மூடி வைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எங்கே தொழுதுகொள்வது என்ற பேச்சை அந்தப் பெண் எடுத்தபோது இயேசு மழுப்பவில்லை. இரட்சிப்பு யூதர் வழியாய் வருகிறது என்று நேராகவே சொன்னார். உங்கள் தோழி இயேசுவை ஈஸா நபி என்று மதிக்கிற மார்க்கத்தில் வளர்ந்தவள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மரியாளின் பெயரைத் தாங்கியது. ஆனால் இயேசு தேவகுமாரன் என்பதையும் சிலுவையில் மரித்தார் என்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. இதைச் சின்ன வித்தியாசம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். அவளுடைய வழிபாட்டில் உங்கள் மனச்சாட்சி இடம்கொடாத ஒன்று வந்தால், அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். பதினோரு வருஷ நட்பு அதைத் தாங்கும்.

1219இல், சிலுவைப்போர்ப் படை எகிப்தின் டாமியெட்டாவை முற்றுகையிட்டிருந்தபோது, அசிசியின் பிரான்சிஸ் என்ற கிறிஸ்தவத் துறவி எதிரிப் பாளையத்துக்கு நடந்துபோய் எகிப்தின் சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவரும் ஆசையோடுதான் போனார். சுல்தான் மரியாதையாகக் கேட்டார், மதம் மாறவில்லை, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். 1221இல் தம் துறவற சபைச் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்கில் பிரான்சிஸ், இஸ்லாமியரிடையே வாழ இரண்டு வழிகளைக் குறித்தார். முதல் வழி, வாக்குவாதம் செய்யாமல், எல்லாருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் இருப்பது. அது தேவனுக்குச் சித்தம் என்று காணும்போது வசனத்தை அறிவிப்பது இரண்டாம் வழி. முதல் வழியை அவர் இரண்டாவதற்கான தந்திரமாக எழுதவில்லை. அதையே ஒரு முழு வாழ்வாக எழுதினார்.

பேதுருவும் 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்' சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் சொல்கிறார். அவள் கேட்டால் சொல்லுங்கள், தயங்காமல், முழுவதுமாக. நீங்களும் அவளுடைய தொழுகையைப் பற்றிக் கேளுங்கள். பதினோரு வருஷத்தில் அதைக் கேட்டிருக்கிறீர்களா?

இந்த ஒரு மாதமாக உங்கள் பேச்சு மாறியிருப்பதை அவள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள். காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பாள். மூப்பர் கேட்டதை, நீங்கள் கலங்கியதை, எனக்கு எழுதியதை எல்லாம் அவளிடமே சொல்லிவிடுங்கள். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.