விறகு பாய்லர் புகையில் போகும் சூட்டைத் திரும்ப எடுக்க முடியுமா?

சாயப்பட்டறை விறகு பாய்லரின் சிம்னியில் 180 டிகிரியில் புகை போகிறது, ஸ்வீடனில் மரச்சில்லு எரிக்கும் ஆலைகள் 100 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டுகின்றனவாமே, அது நமக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் பாய்லரோடு ஆறு வருடம் மல்லுக்கட்டிவிட்டு, இப்போது ஸ்வீடனில் ஒரு சின்ன ஊரின் வெப்ப ஆலையில் இருக்கிறேன்.

100க்கு மேல் என்பது பித்தலாட்டம் இல்லை, கணக்கு வைக்கும் முறைதான். எரிபொருளின் வெப்ப மதிப்பைப் போடும்போதே, ஈரம் ஆவியாகப் போகும் வெப்பத்தை இங்கே கழித்துவிடுவார்கள். அந்த ஆவியைப் புகையிலிருந்து மறுபடி தண்ணீராக்கினால், கணக்கில் இல்லாத வெப்பம் கைக்கு வருகிறது.

காட்டிலிருந்து வரும் பச்சை மரச்சில்லில் பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் அந்த அரைக் கிலோவோடு, மரத்திலுள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் கால் கிலோ சொச்சமும் சேர்ந்து முக்கால் கிலோ ஆவி சிம்னிக்குப் போகும். அது தண்ணீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் 1.8 மெகாஜூல். சில்லின் கணக்கில் வரும் வெப்ப மதிப்பே 8 மெகாஜூலை ஒட்டித்தான்! எக்கனாமைசர், அதாவது புகைச் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடேற்றும் கருவி, வைத்துப் புகையை 180லிருந்து 150க்கு இறக்கினால் கிடைப்பது இதற்கு முன்னால் சில்லறைக் காசு.

சரி, ஆவியை எப்படிப் பிடிப்பது? இவ்வளவு ஈரமான புகையின் பனிநிலை, அதாவது ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, 60 டிகிரிக்குச் சற்று மேலே. அதைவிடக் குளிர்ந்த எதிலாவது புகை பட்டாக வேண்டும். இங்கே ஊர் முழுக்க வீடுகளைச் சூடாக்கிவிட்டு 45 டிகிரி வாக்கில் திரும்பும் தண்ணீர் இருக்கிறது. பாய்லருக்குப் போகுமுன் அதைக் கன்டென்சர், அதாவது புகையைக் குளிர்வித்து ஆவியைத் தண்ணீராக்கும் கருவி, வழியாக அனுப்புகிறோம். ஆவியில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். திரும்பும் தண்ணீர் 55 டிகிரியாக இருந்தால் கால் பங்கு தேறினாலே பெரிது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு குளிர்காலத்தில் கன்டென்சரிலிருந்து வரும் வெப்பம் நாளுக்கு நாள் குறைந்தது. குழாயில் சாம்பல் அடைத்திருக்கும் என்று திறந்து கழுவினோம். மறுநாளும் அதே கதை. கடைசியில் பார்த்தால், ஊர்க்கோடியில் ஒரு பெரிய கட்டடத்தின் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டு, சுடுதண்ணீரை அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து காலையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது ரிட்டர்ன் வெப்பநிலையைத்தான்.

தொல்லைகளும் உண்டு. 10 மெகாவாட் பாய்லருக்கு மணிக்கு ஏறக்குறைய 2 டன் தண்ணீர் சொட்டும். அதில் சாம்பலும் காட்மியம் போன்ற கன உலோகங்களும் இருப்பதால் வடிகட்டிச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட முடியாது. கன்டென்சருக்குச் சாதா இரும்பு தாங்காது, துருப்பிடிக்காத எஃகு வேண்டும். செலவுதான். ஆனால் வெக்ஷோ என்ற ஊர் 1980லேயே எண்ணெயை விட்டு மரத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது, 1991ல் நாடு முழுக்கக் கரியமில வாயு வரி வந்தது. ஒவ்வொரு சில்லிலும் கடைசிச் சொட்டு வரை பிழிவது இங்கே கட்டுப்படியாகிறது.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். நீங்கள் எரிப்பது வெயிலில் காய்ந்த சவுக்கோ சீமைக்கருவேலமோ என்றால் ஈரம் 20 சதவீதம் இருக்கலாம். அப்போது ஆவியில் இருப்பதே விறகின் மதிப்பில் பத்தில் ஒரு பங்குதான், பனிநிலையும் 50 பக்கம் இறங்கிவிடும். அதற்காக விறகை நனைத்துப் போட்டுவிடாதீர்கள், காய்ந்த விறகுதான் எப்போதும் நல்லது!

நீராவி குளிர்ந்து பாய்லருக்குத் திரும்பும் தண்ணீரும் உங்களிடம் 80, 90 டிகிரியில் இருக்கும். அதை நம்பி கன்டென்சர் வாங்கினால் பணம் போச்சு. ஆனால் உங்களிடம் வேறொன்று இருக்கிறது: சாயத் தொட்டிக்குப் போகும் 30 டிகிரித் தண்ணீர். ரியாக்டிவ் சாயத்துக்கு அதை 60க்கு ஏற்ற இப்போது நல்ல நீராவியை எரிக்கிறீர்கள், இல்லையா? முதல் 15 டிகிரியைப் புகை ஏற்றித் தரட்டும். கன்டென்சருக்கு விலை கேட்கும் முன், அந்தத் தண்ணீர் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் போகிறது என்று மீட்டர் வைத்து ஒரு மாதம் எழுதுங்கள். அப்படியே சிம்னியில் ஆக்சிஜன் அளவையும் பார்த்துவிடுங்கள். தேவைக்கு மேல் காற்று விட்டால் பனிநிலை இன்னும் இறங்கும், அதைச் சரிசெய்யக் காசே வேண்டாம், டேம்பரை (காற்று வழியின் அடைப்பானை) திருகினால் போதும்.