புதுக்கவிதைக்கு மெட்டு: யாரிடம் கையெழுத்து வாங்குவது?

கேள்வி: 1988-ல் காலமான கவிஞர் ஒருவரின் புதுக்கவிதைக்கு மெட்டமைத்திருக்கிறேன். என் குரல், கூட ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். யூடியூபில் போட ஆசை. ஓசூரில் ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் உரிமையைப் பதிவு செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் பதிவு செய்யப்போவது உங்கள் மெட்டை. உங்களுக்குத் தேவையோ கவிதைக்கான அனுமதி. மெட்டுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. வேண்டுமென்றால் டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இந்தச் சின்ன வேலைக்கும் ஆங்கிலப் படிவத்தைக் காட்டி மிரட்டிப் பிழைக்கிறார்கள். தமிழில் ஒரு படிவம் வைக்க அரசுக்கு என்ன கஷ்டம்?

கவிஞர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். உங்கள் கவிஞருக்கு 2048 முடியும் வரை. அதுவரை வாரிசுகளிடம்தான் கேட்க வேண்டும். பதிப்பகம் 'சரி' என்றால் போதாது. பல பதிப்பகங்களிடம் அச்சிடும் உரிமை மட்டுமே இருக்கும்.

அதற்கு முன், அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 1949-ல் பாரதியார் படைப்புகளில் தொடங்கியது இது. அரசு பரிவுத்தொகை கொடுத்துப் பொதுவாக்கிய எழுத்துக்கு யாரும் மெட்டமைக்கலாம், 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் நாட்டுடைமை நூல்களைத் தேடலாம். ஆனால் பொதுவானது எழுத்துதான். அதற்கு வேறொருவர் போட்ட மெட்டு அவருடையதே. நாட்டுடைமையான கவிதைக்கும் 'அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று பணம் கறப்பவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

நாட்டுடைமைப் பட்டியலில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் கவிதைத் தலைப்பு, தொகுப்பின் பெயர், பிறகு இப்படி: 'குரலும் புல்லாங்குழலும் கொண்டு இசையமைத்து ஒலிப்பதிவு செய்யவும், இணையத்தில் வெளியிடவும், மேடையில் பாடவும் அனுமதிக்கிறோம்.' பணம் எவ்வளவு, அல்லது இலவசமா என்பதையும் எழுதுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். யூடியூபுக்கு 'உலகம் முழுவதும்' என்று இருக்கட்டும்.

அப்புறம், புதுக்கவிதையின் வரிகள் ஒரே அளவில் நிற்காது. ஆதி தாளத்தில் அடக்குவதற்காகச் சொல்லை நறுக்குவது எனக்குப் பிடிக்காது. புல்லாங்குழலை நிரப்ப விடுங்கள், வரி அப்படியே இருக்கட்டும். ஒரு வரியைப் பல்லவியாகத் திரும்பப் பாடுவதானால் அதையும் கடிதத்தில் சேருங்கள்.

புல்லாங்குழல் வாசிப்பவரிடமும் சம்மதம் எழுதி வாங்குங்கள், அவர் வாசிப்புக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு.