கல்யாணம் வழியாக பி.ஆர்.: வட சென்னையிலிருந்து வந்த கேள்விகள்

வேறு நாட்டில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு அங்கே பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்த விண்ணப்பங்களைத் தினமும் பார்க்கும் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

தண்டையார்பேட்டை: அக்கா, என் தங்கச்சி கல்யாணம் திருவொற்றியூர் கோவில்ல நடந்துச்சு. மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன். கோவில் ரசீதும் ஆல்பமும் இருக்கு, போதுமா?

போதாது தம்பி. சார்பதிவாளர் கையெழுத்துப் போட்ட திருமணச் சான்றிதழ் வேண்டும். 2009-ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளைக்குள் பதியணும். விட்டுவிட்டால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள் கிடைக்கும். மாப்பிள்ளை லீவு முடிந்து ஃப்ளைட் ஏறிய பிறகுதான் பல வீடுகளில் இந்த நினைப்பே வருகிறது. பதிவுக்கு இருவரும் நேரில் போகணும் என்பதால், அவர் கிளம்பும் தேதியைப் பார்த்து முன்கூட்டியே நாள் வாங்குங்க. சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாவற்றையும் இரண்டு பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்க. பிழையை அங்கேயே சொன்னால் வேலை சுலபம். ஆறு மாதம் கழித்துப் போனால் அலைச்சல்.

அதே வாசகர்: அதுக்கப்புறம் என்னென்ன படி?

அமெரிக்காவில் இருக்கும் கணவர், மனைவியை அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனுவைப் போடணும். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675. கட்டுகிற அன்றைக்கு என்ன தொகை என்று ஒருமுறை பார்த்துக்கோங்க. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே 325 டாலரும் 120 டாலரும் கட்டி, தங்கச்சி டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா படிவத்தையும் மாப்பிள்ளை ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியையும் கொடுக்கணும்.

தடங்கல் அதிகம் வருவது ஐ-864-இல்தான். அவருடைய வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்கணும். 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு சுமார் 26,440 டாலர். வருமானம் இருந்தும் வரிக் கணக்கு காட்டாமல் விட்டிருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். வருமானம் குறைந்தால் இன்னொரு சிட்டிசனோ கிரீன் கார்டு, அதாவது அமெரிக்க பி.ஆர்., உள்ளவரோ கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போடலாம். இங்கே இருக்கும் உங்க அப்பாவோ மாமாவோ போட முடியாது.

விசா நேர்காணல் ஜெமினி பாலத்துப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் நடக்காது, மும்பைக்குப் போகணும். மருத்துவப் பரிசோதனையும் தூதரகம் பட்டியலிட்ட டாக்டரிடம் மட்டும்தான். போலீஸ் சான்று, அதாவது பிசிசி, பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி வாங்கணும். லோக்கல் ஸ்டேஷனில் எழுதி வாங்கும் கடிதம் செல்லாது.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் கால் வைக்கும் அன்று கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் முடியவில்லை என்றால், இரண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டுதான் வரும். அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கச் சொல்லும் ஐ-751 மனுவைப் போடணும். இரண்டாம் வருஷ நிறைவுக்கு இன்னும் சில வாரம்தான் பாக்கி, விசா காலாவதி ஆகவும் நாள் இருக்கிறது என்றால், டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க. பத்து வருஷ கார்டு நேரடியாகக் கிடைக்கும்.

வியாசர்பாடி: பாஸ்போர்ட்ல என் பேர் மட்டும் இருக்கு, சர்நேம் காலி. பிரச்சினை வருமா?

வரும். நம்ம ஊர் இன்ஷியல் பழக்கம் அவர்கள் படிவத்தில் உட்காராது. ஒரே பெயர் இருந்தால் அதை சர்நேம் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடிப்பார்கள். பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி, டிரைவிங் லைசென்ஸ், பேங்க் என்று எல்லா இடத்திலும் அது கூடவே வரும். மனு போடுவதற்கு முன்பே இன்ஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டை மறுபடி வாங்குங்க. பிசிசியும் திருமணச் சான்றும் அதற்குப் பிறகு வாங்கினால் எல்லாம் ஒரே பெயரில் இருக்கும். கணவர் பெயரைச் சேர்த்தே ஆகணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனையில் பிறந்தவர்களின் பழைய பிறப்புச் சான்றில் குழந்தை பெயரே இல்லாமல் இருப்பதுண்டு. மாநகராட்சியில் பெயர் சேர்க்கும் வேலையையும் இதோடு முடிச்சிடுங்க.

பெரம்பூர்: நான் கட்டிக்கப் போறவர் பிரிட்டிஷ் குடிமகன், வேற மதம். இங்கே ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போனா உடனே பி.ஆர். உண்டா?

உடனே இல்லம்மா. முதலில் பதிவைப் பார்ப்போம். சிறப்புத் திருமணச் சட்டப்படி உங்க இருவரில் ஒருவர் நோட்டீஸுக்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருந்தால் போதும், நீங்க இருக்கீங்க. இருவரும் கையெழுத்திட்ட நோட்டீஸ் கொடுத்த பிறகு 30 நாள் காத்திருக்கணும். மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு கல்யாணத்தை முடிக்கணும். அவர் பத்து நாள் லீவில் வந்தால் முடியாது. வேறு கல்யாணம் ஆகாதவர் என்ற சான்றும் கொண்டு வரணும். முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் இறுதித் தீர்ப்பின் நகல் வேண்டும்.

பிரிட்டனில் முதலில் 33 மாத விசா, பிறகு 30 மாத நீட்டிப்பு, ஐந்து வருஷம் கழித்துத்தான் நிரந்தர வசிப்புரிமை. 2024 ஏப்ரல் 11 முதல் அவருக்கு வருஷ வருமானம் 29,000 பவுண்டு காட்டணும். உங்களுக்கு ஏ1 என்ற தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஆறு மாதத்துக்கு ஒன்றுக்கொன்று பொருந்தணும். ஒரு மாதம் விட்டுப்போனாலும் வருமானம் இருந்தும் நிராகரிப்பார்கள்.

எண்ணூர்: மாப்பிள்ளை கனடால பி.ஆர். மட்டும்தான், சிட்டிசன் இல்ல. கூப்பிட முடியுமா?

முடியும். ஆனால் மனு நடக்கும் காலம் முழுக்க அவர் கனடாவிலேயே இருக்கணும். மனைவியை மட்டும் கூப்பிட கியூபெக்குக்கு வெளியே பொதுவாக வருமான வரம்பு கிடையாது. உங்க செலவுக்கு மூன்று வருஷம் அவர் பொறுப்பு.

கொருக்குப்பேட்டை: டூரிஸ்ட் விசால அமெரிக்கா போய் அங்கேயே தாலி கட்டிக்கிட்டா சீக்கிரம் முடியும்னு ஏஜென்ட் சொல்றார். பேப்பர் கல்யாணமும் பண்ணித் தருவாராம்.

இரண்டும் வேண்டாம், அந்த ஆளிடம் பணம் கொடுக்காதீங்க. குடியேறும் எண்ணத்தை மறைத்து டூரிஸ்ட் விசாவில் நுழைந்தது தெரிந்தால் பொய்த் தகவல் என்று நிரந்தரத் தடை வரலாம். பேப்பர் கல்யாணம் அங்கே குற்றம்: ஐந்து வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். பிறகு நிஜமாகவே ஒரு சிட்டிசனைக் கட்டினாலும் அந்த மனுவை ஏற்க மாட்டார்கள்.

காசிமேடு: அக்கா அமெரிக்காலேர்ந்து புருஷனோட லீவுக்கு வந்தா. அவர் அக்காவோட பாஸ்போர்ட், கிரீன் கார்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டுத் தனியா போயிட்டார். 'கார்டை கேன்சல் பண்ணிட்டேன்'னு மெசேஜ். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. கிரீன் கார்டு உங்க அக்காவுடையது. கொடுத்தது அமெரிக்க அரசு, கணவரால் அதை ரத்து செய்ய முடியாது. ஐ-130 மனுவை மனைவி அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முன்புதான் வாபஸ் வாங்கலாம், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீதை வாங்குங்க. அதை வைத்து பாஸ்போர்ட்டுக்கு மறு விண்ணப்பம் போடலாம். அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஒரு வருஷம் ஆகவில்லை என்றால், ஐ-131ஏ என்ற மனுவுக்கு ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு தூதரகத்துக்குப் போகணும், விமானம் ஏறுவதற்கான தற்காலிக ஆவணம் தருவார்கள். ஒரு வருஷம் தாண்டினால் வழி கடினமாகும், அதனால் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வருஷ கார்டாக இருந்தால் ஐ-751-ஐ அவர் கையெழுத்து இல்லாமல் தனியாகவும் போடலாம். விவாகரத்து முடிந்திருந்தாலோ கொடுமை நடந்திருந்தாலோ விலக்கு உண்டு, 90 நாள் கணக்கும் அதற்குக் கிடையாது. கல்யாணம் நிஜமானது என்று காட்டணும்: வாடகை ஒப்பந்தம், கூட்டு பேங்க் கணக்கு, சேர்ந்து போட்ட வரிக் கணக்கு, மண்டப பில், பத்திரிகை. அந்த மிரட்டல் மெசேஜை அழிக்காதீங்க, தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இமெயிலில் போட்டு வைங்க. ஐ-864-இல் அவர் போட்ட கையெழுத்து விவாகரத்துக்குப் பிறகும் அவரைக் கட்டும், ஜீவனாம்ச வழக்கில் வக்கீலிடம் இதை மறக்காமல் சொல்லுங்க.

கார்டு இல்லாவிட்டாலும், அமெரிக்கக் குடியேற்றத் துறை அக்காவுக்குக் கொடுத்த 'ஏ' எண் தெரிந்தால் போதும். விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட் பக்கத்தின் போட்டோவிலோ, தபாலில் வந்த ரசீதுகளிலோ, பழைய இமெயிலிலோ 'ஏ' எழுத்தோடு ஆரம்பிக்கும் அந்த எண் இருக்கும். முதல் வேலையாக அதைத் தேடி எடுங்க, பிறகு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க.