வளைய எலக்ட்ரான் மாதிரியைச் சிதறலில் சோதிப்பது எப்படி?

கேள்வி: எலக்ட்ரான் புள்ளியல்ல, சுருக்கிய காம்ப்டன் அலைநீளமான 386 ஃபெம்டோமீட்டரை ஆரமாகக் கொண்டு ஒளிவேகத்தில் சுற்றும் மின்னூட்ட வளையம் என ஒரு மாதிரி அமைத்திருக்கிறேன். காந்தத் திருப்புத்திறன் (எலக்ட்ரான் ஒரு சிறு காந்தமாக நடந்துகொள்ளும் வலிமை) சரியாகவே வருகிறது. மீட்சிச் சிதறல் (மோதலில் மொத்த இயக்க ஆற்றல் குறையாமல் துகள் திசைமாறுவது) கோட்பாட்டோடு இதை எப்படி ஒப்பிடுவது?

பதில்: காந்தத் திருப்புத்திறன் பொருந்துவதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம், அது பொருந்தும்படிதான் அந்த ஆரம் அமைந்திருக்கிறது. மாதிரியை உருவாக்கும்போது பயன்படுத்தாத ஓர் அளவீட்டில்தான் அது தேற வேண்டும். சிதறல் அதற்கு மிகப் பொருத்தமானது.

புள்ளி எலக்ட்ரான் அணுக்கருவில் சிதறுவதற்கான குறுக்குவெட்டை (சிதறல் நிகழும் வாய்ப்பின் அளவை) இயற்பியலாளர் மாட் 1929-இல் தந்தார். எலக்ட்ரான் புள்ளியாக இல்லாமல் பரவியிருந்தால், அந்தக் குறுக்குவெட்டை வடிவக் காரணியின் (மின்னூட்டம் பரவியிருப்பதால் சிதறல் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்ணின்) வர்க்கத்தால் பெருக்க வேண்டும். உங்கள் வளையத்தின் எல்லாப் புள்ளிகளும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால், எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால் அது மெல்லிய கோள ஓடு போலவே நடந்துகொள்ளும். உந்த மாற்றத்தை (மோதலில் எலக்ட்ரானின் உந்தம் மாறும் அளவை) ஆரத்தால் பெருக்கி, சுருக்கிய பிளாங்க் மாறிலியால் வகுத்து வரும் எண்ணின் சைனை (ரேடியனில்) அதே எண்ணால் வகுத்தால் வடிவக் காரணி கிடைத்துவிடும்.

2 மெகா எலக்ட்ரான்வோல்ட் இயக்க ஆற்றலுள்ள எலக்ட்ரான் கார்பன் அணுக்கருவில் மோதுவதாகக் கொள்ளுங்கள். (தங்கம் போன்ற கனமான கருக்களுக்கு மாட்டின் எளிய வாய்பாடு போதாது.) 90 பாகையில் அந்த எண் ஏறத்தாழ 6.8, வடிவக் காரணி 0.073, அதன் வர்க்கம் 0.005. அதாவது, புள்ளி எலக்ட்ரானுக்கு எதிர்பார்ப்பதில் ஏறத்தாழ அரை சதவீதம்தான் தேறும். 38 பாகையில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே வடிவக் காரணி பூச்சியமாகிறது. அப்படியொரு பள்ளம் அளவீடுகளில் இல்லை.

ஆற்றல் கூடக் கூட இடைவெளி பெருகும். 1950-களில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் குழுவினர் 188 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களை ஹைட்ரஜனில் செலுத்தி, எலக்ட்ரானைப் புள்ளியாகவே கொண்டு, புரோட்டானின் அளவை ஒரு ஃபெம்டோமீட்டருக்கும் குறைவாகக் கணித்தனர். உங்கள் வளையம் உண்மையானால், 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவு உந்த மாற்றத்தில் அவர்களுக்குக் கிடைத்த சிதறிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, புள்ளி எலக்ட்ரானுக்கு எதிர்பார்ப்பதில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்திருக்காது. பின்னர், எலக்ட்ரான்–பாசிட்ரான் சிதறலை (நம் ஹோமி பாபா 1936-இல் கணக்கிட்டது) செர்ன் ஆய்வகத்தின் லெப் துகள் முடுக்கியில் அளந்தபோதும், 10⁻¹⁸ மீட்டர் வரை எலக்ட்ரானின் உள்ளமைப்புக்கான அறிகுறி தென்படவில்லை.

வேகமாகச் செல்லும்போது வளையம் சுருங்கிவிடும் என்ற வாதம் உங்களுக்குத் தோன்றலாம். எலக்ட்ரானைவிட மிகக் கனமான கருவில் நிகழும் மீட்சிச் சிதறலில், உந்த மாற்றம் எலக்ட்ரானின் சராசரி இயக்கத் திசைக்குச் செங்குத்தாக இருக்கிறது. லோரன்ட்ஸ் சுருக்கமோ (வேகமாகச் செல்லும் பொருளின் நீளம் குறைவது) இயக்கத் திசையில் மட்டுமே நிகழ்வதால், மேற்கண்ட எண்களை அது காப்பாற்றாது. வேறொரு சுருக்க விதியை முன்வைப்பதானால், தரவைப் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதிவைத்துவிடுங்கள். மேலே சொன்ன அலைநீளத்துக்குப் பெயர் தந்த காம்ப்டனே ஒரு காலத்தில் எக்ஸ்-கதிர், காமாக் கதிர்ச் சிதறலை விளக்க வளைய எலக்ட்ரானைப் பரிசீலித்தவர். 1923-இல் ஒளித்துகள் விளக்கம் கிடைத்ததும் அதன் தேவை ஒழிந்தது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். மாட் வாய்பாட்டில் தற்சுழற்சியால் ஒரு காரணி வருகிறது. உயர் ஆற்றலில் அது பின்னோக்கிய சிதறலை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடும். அந்தக் காரணியைக் கடன் வாங்காமல் உங்கள் வளையத்திலிருந்தே வருவித்துக்காட்ட வேண்டும். அதன் பிறகு 10, 20, 38, 60 பாகைகளில் இரு கணிப்புகளையும் அருகருகே வரைந்து பாருங்கள். கதிர்வீச்சுத் திருத்தங்களை (சிதறும்போது எலக்ட்ரான் ஒளித்துகள்களை உமிழ்வது போன்றவற்றால் வரும் சிறு மாற்றங்களை) இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். இங்கே தெரியும் இடைவெளியை அடைக்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல.