மேக்கில் குவிந்துவிட்ட துணைச்செயலிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை எப்படி நீக்குவது?

கேள்வி: 2021இல் வெளிவந்த 14 அங்குல மேக்புக் புரோவைப் பயன்படுத்துகிறேன். முன்பு வைத்திருந்த இன்டெல் மேக்கில் இருந்த அனைத்தையும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் வழியாக இதற்கு மாற்றிக்கொண்டேன். சாளரங்களை அடுக்க ஒன்று, நகலெடுத்தவற்றைச் சேமிக்க ஒன்று, சுருக்கச் சொற்களை முழு வாக்கியமாக விரிக்க ஒன்று என்று இருபது சிறு செயலிகள் வரை சேர்ந்துவிட்டன. இப்போது கணினி வேலைக்குத் தயாராக நெடுநேரம் ஆகிறது. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. மெனு பாரில் சில ஐகான்கள் காணாமல் போகின்றன. எப்போதோ டிராஷில் போட்ட ஒரு செயலியின் பெயர் இன்னும் அறிவிப்புகளில் வருகிறது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு கிளீனர் செயலியை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் தொல்லைகளைக் கண்டறியவும் சரிசெய்யவும் தேவையானவை எல்லாம் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸிலேயே இருக்கின்றன. துணைச்செயலிகளை எடைபோடும்போது பலரும் அவை வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. ஐந்து எம்பி கூட இல்லாத ஒரு செயலி, கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கி, நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் கவனித்துக்கொண்டிருக்கக்கூடும்; பல ஜிபி பிடிக்கும் காணொளித் தொகுப்பு மென்பொருளோ, நீங்கள் திறக்காத வரை பெரும்பாலும் அசைவற்றுக் கிடக்கும். எனவே ஒரு செயலி எப்போது தொடங்குகிறது என்பதையும் எதைப் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறது என்பதையுமே கவனிக்க வேண்டும்.

முதலில், குற்றம் துணைச்செயலிகளுடையதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, தொடக்கத் தேர்வுகள் திரையில் தோன்றும் வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். வட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே, சேஃப் மோடில் தொடரும் பொத்தானைச் சொடுக்குங்கள். இந்த நிலையில் லாகின் ஐட்டம்களும் (நீங்கள் உள்நுழையும்போது தாமே திறப்பவை), மேக்ஓஎஸ்ஸுக்கு இன்றியமையாதவை அல்லாத சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்களும் (இயங்குதளத்தோடு இணைந்து வேலை செய்யும் கூடுதல் நிரல்கள்) ஏற்றப்படுவதில்லை. திரைக்காட்சிகள் சற்றே தடுமாறலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் தொல்லை இங்கே மறைந்துவிட்டால், நாம் தேடவேண்டிய இடம் தெளிவாகிவிடும். 1990களில் மேக் வைத்திருந்தவர்களுக்கு இந்த ஷிப்ட் விசை பழைய அறிமுகம்: சிஸ்டம் 7 காலத்தில் எக்ஸ்டென்ஷன்களின் சின்னங்கள் திரையின் அடியில் வரிசையாகத் தோன்றும்போது கணினி நடுவழியில் நின்றுவிட்டால், அதே விசையைப் பிடித்துக்கொண்டுதான் அவற்றையெல்லாம் விலக்கித் தொடங்குவோம்.

அடுத்த சோதனை, புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பது. துணைச்செயலிகளின் பகுதிகள் இரண்டு இடங்களில் பதிவாகின்றன: உங்கள் கணக்குக்கு மட்டும் உரியவை உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள லைப்ரரியிலும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானவை வட்டின் மேல்மட்டத்தில் உள்ள லைப்ரரியிலும் இருக்கும். புதிய கணக்கிலும் அதே மந்தம் தொடர்ந்தால் பொது லைப்ரரியில் தேட வேண்டும். தொல்லை மறைந்தால் உங்கள் சொந்த லைப்ரரியில் தேட வேண்டும். பத்து நிமிடம் செலவாகும் இந்தச் சோதனை, பாதித் தேடலைக் குறைத்துவிடுகிறது.

இனி பட்டியலுக்கு வருவோம். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பிரிவுக்குள் லாகின் ஐட்டம்ஸ் பகுதியைத் திறங்கள். அதில் நீங்கள் உள்நுழைந்தவுடன் திறக்கும் செயலிகள் ஒருபுறமும், கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓட அனுமதி பெற்றவை மறுபுறமும் இருக்கும். இரண்டாவது பட்டியல் 2022இல் வெளியான வெஞ்சுரா பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் இவற்றைக் கண்டுபிடிக்க ஃபோல்டர் ஃபோல்டராகத் தேட வேண்டியிருந்தது. இங்கே பலர் குழம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வரிகளில் செயலியின் பெயருக்குப் பதிலாக அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரோ, ஒரு தனிமனிதரின் பெயரோ இருக்கும். மென்பொருளுக்கு மின்கையொப்பமிட்டவரின் பெயர் அது. அறிமுகமில்லாத பெயரைப் பார்த்தவுடன் வைரஸ் என்று பதற வேண்டாம். அதே வேளையில், அது எந்தச் செயலியுடையது என்று தெரியாமல் விட்டுவிடவும் வேண்டாம்.

டிராஷில் போட்ட செயலி ஏன் இன்னும் பேசுகிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. சில செயலிகள் முதல்முறை திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, தம்முடைய உதவி நிரல் ஒன்றைப் பொது லைப்ரரியின் பிரிவிலெஜ்டு ஹெல்பர் டூல்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதை இயக்கச் சொல்லும் குறிப்புக் கோப்பை லாஞ்ச் டீமன்ஸ் ஃபோல்டரில் எழுதிவிடுகின்றன. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து செயலியை இழுத்து டிராஷில் போடும்போது இந்த இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மைக்ரேஷன் அசிஸ்டென்ட் இவற்றையும் புதிய கணினிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

என் கணினியிலேயே இப்படி ஒன்றைப் பார்த்தேன். எப்போதோ பயன்படுத்தி விலக்கிய ஸ்கேனர் ஒன்றின் உதவி நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து சிபியு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெயர் தோன்றி மறைந்தது. சில விநாடிகளில் மீண்டும் தோன்றியது. அதன் எதிரே உள்ள பிஐடி எண்ணைக் கவனித்தேன். ஒரு நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தரப்படும் அடையாள எண் அது. ஒவ்வொரு முறையும் எண் மாறியிருந்தது. அதாவது, ஒரே நிரல் ஓடிக்கொண்டிருக்கவில்லை, இறந்து இறந்து மறுபடி பிறந்துகொண்டிருந்தது. பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் லாஞ்ச்டி என்ற மேக்ஓஎஸ் பகுதி, ஒரு நிரலை எப்போதும் உயிரோடு வைத்திரு என்று குறிப்புக் கோப்பில் எழுதியிருந்தால், அது விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்தும்; இரண்டு தொடக்கங்களுக்கு இடையே வழக்கமாகப் பத்து விநாடி இடைவெளி விடும். தன் தாய்ச்செயலியைத் தேடி வந்து, அது இல்லாததால் உடனே நின்றுவிடும் நிரல், இவ்வாறு நாள் முழுவதும் பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் குறிப்புக் கோப்பை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்ததும் தொல்லை நின்றது.

நீங்கள் நீக்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். செயலியின் மெனுவிலோ அது வந்த வட்டுப் படிமத்திலோ அன்இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே சிறந்த வழி. இல்லையென்றால், லாகின் ஐட்டம்ஸ் பட்டியலில் அதன் பின்னணி அனுமதியை அணைத்து, செயலியை விட்டு வெளியேறி, பிறகு ஃபைண்டரில் டிராஷுக்கு இழுங்கள். சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் கொண்ட செயலியாக இருந்தால், இப்படி இழுக்கும்போது மேக்ஓஎஸ் கடவுச்சொல் கேட்டு அதையும் சேர்த்து அகற்றும். கடைசியாக, இரு லைப்ரரிகளிலும் உள்ள லாஞ்ச் ஏஜென்ட்ஸ் ஃபோல்டரையும், பொது லைப்ரரியின் லாஞ்ச் டீமன்ஸ் ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். உங்கள் சொந்த லைப்ரரி வழக்கமாகக் கண்ணில் படாது. ஃபைண்டரின் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் தோன்றும். அங்குள்ள கோப்புகளின் பெயர்கள் நிறுவனத்தின் இணைய முகவரியைத் திருப்பிப்போட்டதுபோல இருக்கும் என்பதால், எது யாருடையது என்று எளிதில் அறியலாம். சந்தேகமுள்ள கோப்பை உடனே அழிக்காமல், மேசைத்திரையில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி, மறுதொடக்கம் செய்து ஒரு வாரம் பாருங்கள். சிஸ்டம் என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் உங்களுக்கு வேலையே இல்லை. பிக் சர் பதிப்பிலிருந்து அது முத்திரையிடப்பட்ட தனிப் பகுதியில் இருக்கிறது.

பட்டியலைப் பார்த்தும் குற்றவாளி எது என்று தெரியவில்லையா? பாதியை அணையுங்கள். இருபதில் பத்தை அணைத்து மறுதொடக்கம் செய்து ஒரு நாள் வழக்கம்போல வேலை பாருங்கள். தொல்லை நின்றால் அணைத்த பத்திலும், தொடர்ந்தால் மிச்சப் பத்திலும் அது இருக்கிறது. அந்தப் பத்தையும் பாதியாக்குங்கள். அதிகம் போனால் ஐந்து முறையில் ஒரே செயலியில் வந்து நிற்பீர்கள். இரண்டு செயலிகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் தொல்லைக்கு மட்டும் இந்த முறை நேரடியாக உதவாது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செயலிகள் ஒரே குறுக்குவிசைக்குப் போட்டியிடுகின்றனவா என்று முன்னதாகவே பார்த்து, ஒன்றை நீக்கிவிடுங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பகுதி இன்னும் நேரான வழி. கடந்த 12 மணி நேரத்தில் எது எவ்வளவு செலவழித்தது என்பதும், கணினி உறங்குவதை எது தடுக்கிறது என்பதும் தனித்தனி நெடுவரிசைகளில் தெரியும்.

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, அந்தச் செயலியை நிறுவியபோது மேக்ஓஎஸ்ஸில் இல்லாத வசதி இன்றும் இல்லையா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். சாளரங்களைத் திரையின் ஓரங்களில் ஒட்டி அடுக்கும் வசதி 2024இல் வந்த செக்கோயாவில் இருக்கிறது. மாலையில் திரையின் நீல ஒளியைக் குறைப்பது 2017 முதலும், திரையைக் காணொளியாகப் பதியும் எளிய கருவிப்பட்டை 2018இல் வந்த மொஹாவே முதலும் உள்ளன. நகலெடுத்தவற்றின் வரலாறு 2025இன் டஹோ பதிப்பில் ஸ்பாட்லைட்டிலேயே வந்துவிட்டது. சுருக்கச் சொல்லை விரிக்கும் வசதி கீபோர்டு அமைப்புகளில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் எல்லாச் செயலிகளிலும் அது வேலை செய்வதில்லை. எனவே நிறைய எழுதுபவர் தனிச்செயலியை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. சாளரங்களுக்கும் அப்படித்தான்: மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று திரையைப் பிரிக்க விரும்பினால் ரெக்டாங்கிள் போன்ற ஒன்று இன்னும் தேவைப்படும்.

மிஞ்சியவற்றின் அனுமதிகளைப் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆக்சசிபிலிட்டி அனுமதி பெற்ற செயலியால், மற்றச் செயலிகளின் சாளரங்களில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகச் சொடுக்கவும் தட்டச்சிடவும் முடியும். சாளரங்களை நகர்த்தும் செயலிக்கு இந்த அனுமதி இல்லாமல் முடியாது. வானிலை காட்டும் ஐகானுக்கு இது எதற்கு? வட்டில் உள்ள கோப்புகளை எல்லாம் படிக்க அனுமதிக்கும் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் பட்டியலில் நான்கைந்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக்கொள்ளுங்கள். நகல் வரலாற்றுச் செயலியில் நீங்கள் நகலெடுத்த கடவுச்சொற்களும் தங்கிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். கடவுச்சொல் மேலாளர்கள் அவற்றை இரகசியம் என்று குறியிட்டே அனுப்புகின்றன. அந்தக் குறியை மதித்து அவற்றைச் சேமிக்காமல் விடுவதுதான் நல்ல செயலிக்கு அடையாளம்.

அனுமதி பெற்ற செயலியின் பின்னால் இன்று யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2024இல், மெனு பாரை ஒழுங்குபடுத்தும் பெயர்பெற்ற செயலி ஒன்று பயனர்களுக்கு முன்னறிவிப்பின்றிக் கைமாறியது. மின்கையொப்பம் மாறியிருந்ததைக் கவனித்தவர்களால்தான் அது வெளியே தெரிந்தது. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தவையும் கெட்டுப்போனதுண்டு. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் செயலியின் 2.90 பதிப்பிலும், 2017 மேயில் காணொளிகளை வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக்கின் தரவிறக்கச் சேவையகம் ஒன்றிலும் தீநிரல் புகுத்தப்பட்டது. இரண்டும் நல்ல செயலிகள், ஊடுருவியவர்கள் வெளியாட்கள். ஆகவே ஒரு சிறு செயலி கடவுச்சொல்லையோ கூடுதல் அனுமதியையோ திடீரெனக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஆப்பிளின் சோதனைக்கு உட்படாத செயலியைத் திறக்க, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் ஒரு வரியை ஒட்டச் சொல்லும் பக்கங்களை மூடிவிடுங்கள். செக்கோயா முதல், அத்தகைய செயலியைத் திறக்க பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்கே சென்று ஓப்பன் எனிவே பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சிரமம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

மறையும் ஐகான்களில் பழுது எதுவும் இல்லை. உங்கள் மாடலில் திரையின் மேல் நடுவே கேமராவுக்காக ஓர் இடைவெட்டு இருக்கிறது. இடமில்லாத ஐகான்களை மேக்ஓஎஸ் சொல்லாமலே விட்டுவிடுகிறது. மெனுக்கள் குறைவாக உள்ள ஒரு செயலியை முன்னால் கொண்டுவந்து பாருங்கள், அவற்றில் சில திரும்பி வரும். முக்கியமானவற்றைக் கமாண்ட் விசையைப் பிடித்து வலப்புறம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீனர் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவை பெரிதாகக் காட்டும் ஜிபி கணக்கில் பெரும்பகுதி கேஷ் கோப்புகள், அதாவது செயலிகள் விரைவுக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள். அழித்தால் செயலிகள் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும், அதுவரை முன்பைவிட மெதுவாகத் திறக்கும். நினைவகத்தைக் காலிசெய்யும் பொத்தானும் அத்தகையதே: மேக்ஓஎஸ் காலியான நினைவகத்தைக் கோப்புகளை விரைவாகத் தர வேண்டுமென்றே நிரப்பி வைக்கிறது. ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் நினைவகத்தில் குறை இல்லை. மேலும், கிளீனரே பின்னணியில் ஓடும் இன்னொரு நிரலாகவும், ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் கேட்கும் இன்னொரு செயலியாகவும் உங்கள் பட்டியலில் சேரும்.

பழைய மேக்கிலிருந்து வந்தவை என்பதால் இன்னொன்றையும் இந்த முறையே பார்த்துவிடுங்கள். ஆக்டிவிட்டி மானிட்டரின் கைண்ட் நெடுவரிசையில் இன்டெல் என்று இருப்பவை, இன்டெல் சில்லுக்கு எழுதப்பட்டவற்றை ஆப்பிளின் சில்லுக்கு ஏற்ப மாற்றித்தரும் ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாக ஓடுகின்றன. பொதுப் பயன்பாட்டுக்கான ரோசெட்டா மேக்ஓஎஸ் 27 வரை இருக்கும் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்தது. அதன்பின் பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்காக ஒரு பகுதி மட்டுமே எஞ்சும். ஒவ்வோர் இன்டெல் செயலிக்கும் இரு வகைச் சில்லுகளிலும் நேரடியாக ஓடும் யுனிவர்சல் பதிப்பு வந்திருக்கிறதா என்று உருவாக்கியவரின் தளத்தில் தேடுங்கள்; பல வேளைகளில் தரவிறக்கி மாற்றினாலே போதும். ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 கொண்ட முதல் மேக் வந்த 2020 நவம்பருக்குப் பிறகு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாத செயலியாக இருந்தால், அதற்கு மாற்று ஒன்றை இப்போதே தேர்ந்தெடுத்து, உங்கள் சுருக்கச் சொற்களையும் அமைப்புகளையும் பழையது திறக்கும்போதே ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.