எட்டு நாளில் ஏழு ஊரா?

போன மாதம் வியட்நாம் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முக்கால்வாசிக் கடிதங்களில் கேட்டிருப்பது ஒன்றுதான்: குறைந்த காசில் குறைந்த நாளில் எப்படிச் சுற்றுவது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, நாங்கள் மூன்று நண்பர்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மார்ச்சில் எட்டு நாள் லீவு போட்டு முதுகுப்பையோடு வியட்நாம் கிளம்புகிறோம். ஹனோய், சாப்பா, ஹாலோங், ஹுவே, ஹோய் ஆன், தலாத், சைகோன் என்று லிஸ்ட் ரெடி. ஹனோய் போய் ஹனோயிலிருந்தே திரும்பும் டிக்கெட் மலிவாக வருகிறது. ராத்திரி பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் ரூம் காசும் மிச்சம். பிளான் ஓகேதானே?
— லிஸ்ட் போட்டவன்

ஓகே இல்லை தம்பி. கோபித்துக்கொள்ளாமல் ஒரு பேப்பரை எடுங்கள். எட்டு நாளில் போகிற நாளும் வருகிற நாளும் போனால் மிச்சம் ஆறு. ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போக, தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அரை நாள் கழன்றுவிடும். பையைக் கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்து, ஏறி இறங்கி, புது ஊரில் ஹாஸ்டல் இருக்கும் தெருவைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகியிருக்கும். ஏழு ஊர் என்றால் ஆறு தடவை மாற வேண்டும், அதிலேயே மூன்று நாள் காலி. மிச்சமிருக்கும் மூன்று நாளில் ஏழு ஊரைப் பார்க்கப்போகிறீர்களா?

வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள். வியட்நாம் முருங்கைக்காய் மாதிரி நீண்ட நாடு. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர், நேராகப் போகும் ரயிலுக்கே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சாப்பாவோ 300 கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கில், சீன எல்லைப் பக்கம் இருக்கிறது. உங்கள் லிஸ்டில் மிச்சம் ஊர்கள் கிட்டத்தட்ட எல்லாம் தெற்கே போக, இது மட்டும் எதிர்த்திசை. முதலில் அதை அடியுங்கள். தலாத்தையும் அடியுங்கள். சைகோனைச் சுற்றிப் பார்ப்பது அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

மலிவான ரிட்டர்ன் டிக்கெட்டும் ஒரு கண்ணிதான். தெற்கே போனவர்கள் விமானம் பிடிக்க மறுபடி ஹனோய்க்கு வர வேண்டும், அதற்கு உள்நாட்டு விமானக் காசும் ஒரு நாளும் தெண்டம். ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறுவதுபோல் டிக்கெட் போட முடியுமா என்று பாருங்கள். தேடும் பக்கத்தில் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு பட்டன் இருக்கும், யாரும் அதை அமுக்குவதே இல்லை. ஹனோயில் இறங்கி, ஹோய் ஆனுக்குப் பக்கத்தில் விமான நிலையம் உள்ள டா நாங்கில் ஏறலாம். அங்கிருந்து விலை ஒத்துவராவிட்டால் டா நாங்கிலிருந்து சைகோனுக்கு ஒரு சின்ன விமானம் பிடித்து அங்கே ஏறலாம். ஆயிரம் இரண்டாயிரம் கூடத்தான் வந்தாலும் எனக்கு இதுதான் மலிவு.

நானாக இருந்தால் இப்படிப் போவேன். ஹனோயில் மூன்று இரவு, அதில் ஒரு பகல் நின் பின். ஹனோய்க்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்கும் குறைவுதான், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே படகில் போகலாம், காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். ஹாலோங் விரிகுடாவா இதுவா என்றால், கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே போதும். நாலாம் ராத்திரி ரயில் ஏறி ஹுவே. நுயென் வம்சத்து அரசர்கள் 1802 முதல் 1945 வரை ஆண்ட தலைநகரம் அது, கோட்டைக்குள் நடக்கவே அரை நாள் ஆகும். அங்கே ஓர் இரவு. அப்புறம் ஹோய் ஆனில் இரண்டு. அவ்வளவுதான்.

ராத்திரி பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஏறும்போதே ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்து செருப்பைக் கழற்றி அதில் போடச் சொல்வார்கள். உள்ளே மூன்று வரிசை, கீழ் மேல் என்று இரண்டு தட்டு. பாதிச் சாய்ந்த படுக்கையில் காலை முன்னால் இருப்பவரின் தலைக்கடியில் உள்ள பெட்டி மாதிரியான குழிக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தடி இரண்டங்குலம், எனக்குச் சரியாக இருந்தது. உங்களில் ஆறடிக்காரர் யாராவது இருந்தால் விடிய விடிய முழங்கால் மடங்கித்தான் கிடக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு இறக்கிவிடுவார்கள், அறையோ மதியம் இரண்டுக்குத்தான் கிடைக்கும். அதுவரை காப்பிக்கடையில் உட்கார இரண்டு மூன்று காப்பி, மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்! ஹாஸ்டலில் ஒரு கட்டில் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து டாலருக்குள் முடிகிற நாட்டில், ஓர் இரவுத் தூக்கத்தை விற்று எவ்வளவுதான் சேர்க்கப்போகிறீர்கள்?

ராத்திரி ரயில் வேறு கதை. ஹனோய்-ஹுவே 688 கிலோமீட்டர், 13, 14 மணி நேரம். நாலு பேர் படுக்கும் பெட்டி ஒன்று, ஆறு பேர் படுக்கும் பெட்டி ஒன்று. ஆறு பேர் பெட்டியின் மேல்தட்டுதான் மலிவு, ஆனால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது. மீட்டர் கேஜ் பாதை, நம்ம ஊர் பழைய மீட்டர் கேஜ் வண்டியில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது, கூட வந்த தோழி ராத்திரி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு மட்டும் தயவுசெய்து பகல் ரயிலில் போங்கள். 103 கிலோமீட்டர், இரண்டரை மூன்று மணி நேரம். வண்டி ஹாய் வான் மலையின் கடல் பக்கத்துச் சரிவை ஒட்டி ஊர்ந்து போகும், கீழே பாறையும் அலையும், சில வளைவுகளில் நம் எஞ்சினையே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் வரும், சீட்டு எடுக்கும்போதே பார்த்து எடுங்கள். பஸ்ஸில் போனால் 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டர்ச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும், குழல் விளக்கைத்தான் பார்க்கலாம். எஸ்இ 1, எஸ்இ 3 என்று ஒற்றைப்படை எண் வண்டிகள் தெற்கே போகும், இரட்டைப்படை வடக்கே. ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது, டா நாங்கில் இறங்கி இன்னொரு 30 கிலோமீட்டர் பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ போக வேண்டும். மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் வண்டி கையைக் கடிக்காது.

மார்ச் நல்ல தேர்வு. ஹனோயில் மட்டும் பூந்தூறல் பிசுபிசுக்கும். இதே கேள்வியை அக்டோபர், நவம்பருக்குக் கேட்டிருந்தால் ஹோய் ஆன் பக்கமே போகாதீர்கள் என்றிருப்பேன், அந்த மாதங்களில் தெருவில் படகு போகிற அளவுக்குத் தண்ணீர் ஏறும் வருடங்கள் உண்டு.

இ-விசாவுக்கு ஒரு இணையதளம் 70 டாலர் கேட்கிறது. இவ்வளவு ஆகுமா மேடம்?
— முதல் பாஸ்போர்ட்காரி

ஆகாது. ஒருமுறை நுழைவதற்கு அரசாங்கக் கட்டணம் 25 டாலர், பலமுறை என்றால் 50. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை கொடுக்கிறார்கள். நீங்கள் பார்த்தது இடைத்தரகர் தளமாக இருக்கும், கொடி, முத்திரை எல்லாம் போட்டு அரசாங்கத் தளம் மாதிரியே வைத்திருப்பார்கள். முகவரி ‘கவ் டாட் விஎன்’ என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

பெயர் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். நமக்கு இனிஷியல் ஒரு தீராத தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், விமான டிக்கெட்டில் ஒற்றை எழுத்து போட்டிருப்போம், விசாவில் முன்பின் மாறியிருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். நான் ஒரு தடவை பாஸ்போர்ட் எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்துவிட்டு, விசா வந்த பிறகுதான் கவனித்தேன். கட்டிய பணம் திரும்பாது, மறுபடி 25 டாலர் கட்டினேன். அனுப்பும் முன் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நம் தப்பு நம் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே பைக் வாடகை ரொம்ப மலிவாமே. இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், ஓட்டலாம்தானே?
— இரு சக்கரன்

எந்த லைசென்ஸ் என்று அட்டையைப் பாருங்கள். இதில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தருவது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவது ஒன்று. வியட்நாம் சேர்ந்திருப்பது வியன்னாவில். உங்கள் அட்டையில் 1949 என்றிருந்தால் அங்கே அது செல்லாது. வாடகைக்குக் கொடுப்பவர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், அதை நம்பாதீர்கள். போலீஸ் அபராதத்தைக்கூடக் கட்டித் தொலைக்கலாம், செல்லாத லைசென்ஸோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டால் பயணக் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார், அதுதான் பயம். ஊருக்குள் செயலியில் கூப்பிட்டால் வரும் பைக் டாக்ஸியின் பின்னால் உட்காருங்கள். ஹோய் ஆனில் சைக்கிள் போதும், ஊரே சமதரை.

அம்மாவுக்கு 61 வயது, சுத்த சைவம். நாங்கள் இருவரும் போகிறோம். பட்டினி கிடப்பாரோ?
— கவலையுள்ள மகள்

கிடக்க மாட்டார், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். ‘சாய்’ என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், டீ இல்லை, சைவம் என்று அர்த்தம். பலகையில் சி, ஹெச், ஏ, ஒய் என்று நான்கு எழுத்து இருந்தால் உள்ளே போகலாம். புத்த கோயில்களுக்குப் பக்கத்தில் நிறைய இருக்கும். அவர்கள் நாட்காட்டியில் ஒன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமி, பலரும் சைவம் சாப்பிடுவார்கள், அன்று சாதாரணக் கடையிலும் கிடைக்கும். மற்ற கடைகளில் வெறும் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாஸ் விழுந்துவிடும், கீரை வதக்கலில்கூட. ஒரு புளிக்காய்ச்சல் டப்பா கொண்டுபோங்கள், சோறு எங்கேயும் கிடைக்கும்.

ஹோய் ஆன் போனால் அம்மாவை மீ சன் அழைத்துப்போங்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தப் பக்கத்தை அப்போது ஆண்ட சம்பா நாட்டுச் சாம் அரசர்கள் நாலாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை செங்கல்லால் கட்டிய கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல இடிந்துபோயின. நம் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020இல் ஒரே கல்லில் செய்த, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த லிங்கம் ஒன்று கிடைத்தது. நிழல் குறைவு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

டாங் நோட்டில் இத்தனை பூஜ்யமா? தலை சுற்றுகிறது.
— கணக்கில் வீக்

மூன்று பூஜ்யத்தை அடித்துவிட்டு மூன்றரையால் பெருக்குங்கள், ஏறக்குறைய ரூபாய் வந்துவிடும். 50,000 என்றால் 175. கடைக்காரர்களே பூஜ்யத்தை விட்டுவிட்டு ‘50 கே’ என்றுதான் எழுதுவார்கள்.

பூஜ்யத்தைவிட நிறம்தான் ஆபத்து. 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம், இரண்டிலும் அதே ஹோ சி மின் முகம். ஹுவேயில் ஒரு நடைபாதைக் காப்பிக்கடையில், இருட்டும் நேரம், காப்பிக்கு ஒரு நீல நோட்டைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அந்தக் கடைக்கார அம்மா, கையில் என் 500,000. எழுபது ரூபாய் இடத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கொடுத்திருக்கிறேன்! நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். அன்றிலிருந்து 500,000 நோட்டுகள் பாஸ்போர்ட்டோடு உள்பையில், மற்றவை வெளிப்பையில்.